பாதி வரைந்தால் போதும் என்றவர்

அவரை எனக்குப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்துமா என்று கேட்காதீர்கள். ஆமாம், இத்தனை வருடம் கழித்தும்தான். பஸ் ஆரணிக்குள் நுழைந்து கொசப்பாளையம் பக்கம் திரும்பும்போது அவர் கடை இருந்த மாடி கண்ணில் படும். இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். அந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கடை போனால் கோபமும் போய்விட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர் அவர். முந்தி, பார்டர், புட்டா எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். அட்டையைத் தறிக்கு மேலே மாட்டினால் கீழே புடவையில் மாங்காயோ மயிலோ விழும். தொண்ணூறுகளில் அந்தக் கட்டத்தாள் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிய முதல் சில பேரில் அவரும் ஒருவர். கலர் மானிட்டர், பெரிய நினைவகம், யூ.பி.எஸ். எல்லாம் வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு மெஷின் கிடையாது.

டிசைன்காரர்கள் ஒரு புட்டாவை முழுதாக வரைய மாட்டார்கள். பாதித் தாமரை வரைந்தால் போதும், மீதிப் பாதியை அப்படியே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். காகிதக் காலத்தில் தாளை மடித்துச் செய்ததைக் கம்ப்யூட்டர் ஒரே தட்டில் செய்தது. தொழிலில் இதில் ஒரு குற்றமும் இல்லை. இவர் அதைத் தொழிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நாம் பேசுவதிலும் பாதியைத்தான் காதில் வாங்குவார். உடனே உள்ளங்கையை நம் முகத்துக்கு நேராக நீட்டி, "மீதி எனக்குத் தெரியும்" என்பார். அவ்வளவுதான். அதற்குமேல் கடவுளே வந்து சொன்னாலும் ஏறாது.

அவர் மனைவி ஒருநாள் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். நான் அப்போது மேலே காத்திருந்தேன்.

"இன்னாங்க, உங்க அக்கா வந்து உக்காந்துகினு கீறாங்க. அவங்க பொண்ணு..."

"மீதி எனக்குத் தெரியும். நீ போ."

வீட்டில் பங்கு கேட்டு அக்கா சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். சாயங்காலம் வரை கடையை விட்டு இறங்கவில்லை. சாப்பாடுகூட ஓட்டலிலிருந்து வந்தது. அந்த அக்கா வந்தது மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. தம்பி முகத்தைக்கூடக் காட்டவில்லை என்று அழுதுகொண்டே போய்விட்டார். இது தெரிந்ததும் இவர் யாரைத் திட்டினார் என்று நினைக்கிறீர்கள்? மனைவியைத்தான். "அத அப்பவே முழுசா சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டையா?" என்று. பாதியில் நிறுத்தியவர் அவர், முழுதாகச் சொல்லாத குற்றம் எப்போதும் எதிராளியுடையது. அந்த மனிதரிடம் இதை நான் நிறையத் தடவை பார்த்தேன்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கண் அபாரமான கண். திரை முழுக்கக் கட்டங்கள் எறும்பு மாதிரி நிறைந்திருக்கும். அதில் ஒரே ஒரு கட்டம் இடம் மாறியிருந்தால் டீயைக் கீழே வைக்காமலே விரலால் தொட்டுக் காட்டுவார். போதாக்குறைக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. ஒரு முதலாளி, பார்டரில் மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் "மயில், பார்டர்" வரைக்கும் கேட்டுவிட்டுக் கையை நீட்டிவிட்டார். ஒரு மயில் வரைந்து திருப்பிப் போட்டதில் எல்லா மயிலும் எதிரும் புதிருமாக மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. அட்டை அடித்தாகிவிட்டது, நெய்தும் ஆகிவிட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் புடவை நன்றாக ஓடியது. அடுத்த மாதம் அதே முதலாளி அதே மயிலைக் கேட்டுப் படியேறி வந்தார். அதுதான் அந்த மனிதரை ஒரேயடியாகக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

இந்த ஆளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் அப்போது எம்.ஃபில். வேதியியல். ஒரு மூலக்கூறில் எந்த அணு எங்கே உட்காரும், அதன் ஆற்றல் எவ்வளவு, அது எந்த நிறத்தில் தெரியும் என்பதையெல்லாம் சோதனைக் குழாயைத் தொடாமல் குவாண்டம் சமன்பாடுகளை வைத்தே கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்கள் உண்டு. ஒருகாலத்தில் அதற்குப் பெரிய ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டர் வேண்டும். நான் படித்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற மாதிரி வந்துவிட்டது. சென்னையில் ஆராய்ச்சி செய்த ஓர் ஆரணிக்காரர் விடுமுறைக்கு வந்தபோது, நல்ல மெஷினாக இருக்கிறதே என்று இவருடைய கம்ப்யூட்டரில் ப்ளாப்பி ப்ளாப்பியாக அந்த மென்பொருளை ஏற்றித் தன் வேலையை முடித்துக்கொண்டு போனார். அதை அழிக்காமல் போனார். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். அணுவின் பெயர், மூன்று எண்கள், அடுத்த அணுவின் பெயர், மூன்று எண்கள். கட்டம் போடுகிறவருக்கு இது என்ன பிரமாதம்? ஆறு மாதத்தில் மாடிப்படி முனையில் போர்டு தொங்கியது: "கெமிஸ்ட்ரி கால்குலேஷன் செய்து தரப்படும்."

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. பிரின்சிபால் அறையில் வெல்வெட் உறை போர்த்தி, குங்குமப் பொட்டு வைத்து ஒன்று இருந்தது. ஆயுத பூஜைக்குத்தான் உறையை எடுப்பார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் அந்த மாடிப்படியைத்தான் ஏறினோம்.

முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த மூலக்கூறு என்பதல்ல.

"எந்த ஊரும்மா?"

"கலசப்பாக்கம் பக்கம், சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனி, சார். அப்பா அம்மா ரெண்டு பேரும்..."

கை நீண்டுவிட்டது. "மீதி எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் அவருக்கு? இரண்டு பேரும் நடவுக்குப் போகிறவர்கள், சனிக்கிழமை மட்டும்தான் வீட்டு வேலையை விட்டுவிட்டு என்னால் வர முடியும், அன்றைக்கு மெஷின் கிடைக்குமா என்றுதான் நான் கேட்க வந்தேன். அவர் நாற்காலியில் இருந்த இன்னொருவர் பக்கம் திரும்பி, "ஸ்காலர்ஷிப்புல வர்ற பொண்ணு, பாவம்" என்றார். எம்.எஸ்ஸி.யில் என் வகுப்பில் நான்தான் முதல். அது அவர் கேட்காத பாதியில் இருந்தது. ஃபேனுக்குக் கீழே இன்னும் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்க, படி ஓரத்து ஸ்டூலைக் காட்டினார். ஒரு வருடம் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்தப் "பாவம்" இருக்கிறதே, அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

என் மூலக்கூறு ஒரு பட்டுச் சாயம். அதன் நிறத்தைக் கணக்கிட வேண்டும். ஒரே மாதிரி இரண்டு பாதிகள், நடுவில் அவற்றை இணைக்க ஒரே ஒரு பிணைப்பு. இரண்டு பாதியும் ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்தால் நடுவில் இருக்கும் ஹைட்ரஜன்கள் இடித்துக்கொள்ளும். அதனால் ஒரு பாதி கொஞ்சம் திருகி நிற்கும். இதெல்லாம் இப்போது தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கே இவ்வளவு தெளிவில்லை. கணக்கு முடிந்ததும் ஃப்ரீக்வென்ஸி என்கிற அதிர்வெண்ணும் போட்டு வாங்கிவா, அதில் ஓர் எண் மைனஸில் வந்தால் வடிவம் தப்பு என்று அர்த்தம் என்று என் கைடு மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

"சார், வடிவம் வந்தப்புறம் ஃப்ரீக்வென்ஸியும்..."

"மீதி எனக்குத் தெரியும். அதுலாம் தேவையில்ல. ஓடுன வேலையவே ரெண்டு தரம் ஓட்டிகினு இருந்தா முந்திக்கு ஆள் வந்து நிப்பாங்க. பேஜாரு."

"வரைஞ்சுட்டீங்களா சார்?"

"பாதி வரைஞ்சேன். மீதி மிரர். ரெண்டு பாதியும் ஒண்ணுதானே? ஜல்தியா முடிஞ்சிது பாரு."

பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் சரியென்றே பட்டது. பிரிண்டர் கறகறவென்று இழுத்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு வந்து, மூலக்கூறின் மிகக் குறைந்த ஆற்றல் வடிவம் இதுவே என்று டிசர்டேஷனில் எழுதினேன்.

வைவாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "நடுவுல கோணம் எவ்வளவும்மா?" என்றார்.

"ஸீரோ, சார்."

"ஸீரோன்னா? புள்ளிக்கு அப்புறம்?"

"எல்லாமே ஸீரோதான், சார்."

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். கோபப்படவில்லை. கணக்கு போட்டு வந்த எண் இப்படி இருக்காது, யாரோ வைத்த எண் இது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். வைவா ஒரு மாதம் தள்ளிப்போனது. வெளியே வந்ததும் மேடம் என்னை வராந்தா மூலைக்கு அழைத்துப் போய்க் கேட்டார்: "உண்மைய சொல்லு. நீயா எழுதி வச்சியா?"

வந்தவாசியில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை பேசி வைத்திருந்தது. ஜூனில் எம்.ஃபில். சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். அதைவிட, என்னை நம்பிய ஒரே ஆசிரியை என்னைத் திருடி மாதிரி பார்த்துவிட்டார். அந்தக் கடைக்காரர் நடந்ததை ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் மேடம். அப்படியே ஆரணிக்கு ஓடினேன்.

"சார், நீங்க மிரர் போட்டதுல மாலிக்யூல் தட்டையா நின்னுடுச்சு. அத ஒரு வரி எழுதிக் குடுங்க. இல்ல, நீங்க வரைஞ்ச ஃபைலயாவது குடுங்க. நானே சொந்தமா நம்பர் போட்டுட்டேன்னு மேடம்..."

"மீதி எனக்குத் தெரியும். ஃபெயில் ஆயிட்ட. பழிய எம்மேல போடறதுக்கு வந்துகினு கீற."

"ஃபெயில் இல்லிங்க சார்..."

"ஃபைலுலாம் தர முடியாது. கிராஃப வெளிய குடுத்தா டிசைன்காரன் தொழில உட்டுட்டுப் போவ வேண்டியதுதான்."

அது அவர்கள் தொழிலில் சத்தியம் மாதிரி. வரைந்த கட்டத்தாள் கை மாறினால் அடுத்த வாரமே இன்னொரு தறியில் ஏறிவிடும். ஆனால் என் சாயத்தை யார் தறியில் ஏற்றப் போகிறார்கள்? என் வாழ்க்கையை மாங்காய் புட்டா என்று நினைத்துப் பூட்டி வைத்துக்கொண்டார் அந்த மனிதர்.

சென்னைப் பெரியவருக்குக் கடிதம் எழுதினேன். அவர் மென்பொருளை ப்ளாப்பிகளில் தபாலில் அனுப்பிவைத்தார். மேடம் எனக்காகப் பிரின்சிபாலிடம் பேசினார், வெல்வெட் உறை எடுக்கப்பட்டது. பழைய பிரிண்டில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். ஒரு பாதியை மட்டும் கொஞ்சம் திருக வேண்டும். அதற்கு ஒவ்வொரு அணுவுக்கும் சைன், காஸ் போட்டு நோட்டில் கணக்கிட்டேன். இரண்டு முறை கரண்ட் போய் எல்லாம் பாழானது. மூன்றாவது முறை, பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் மேஜைக்குப் பக்கத்திலேயே, மூன்று நாள் இரவும் பகலும் ஓடி முடிந்தது. மூலக்கூறு முப்பத்துச் சொச்சம் டிகிரி திருகி நின்றது. ஆற்றல் இறங்கியிருந்தது, நிறமும் மாறியிருந்தது. பிறகு பழைய தட்டை வடிவத்துக்கும் அதிர்வெண் போட்டேன். முதல் எண்ணே மைனஸ்.

கூரை முகட்டில் கோலிக்குண்டை வைத்த கதைதான். இரண்டு பக்கமும் சரிவு. ஆனால் நட்டநடு முகட்டில் வைத்துவிட்டால் எந்தப் பக்கம் விழுவது என்று குண்டுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டு வரைந்ததால் இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. மென்பொருளுக்குத் திருகத் தோன்றவே இல்லை. யாராவது ஒரு பக்கம் லேசாகத் தட்டியிருக்க வேண்டும்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் எழுதித்தர வேண்டிய அவசியம் இனி இல்லை. இருந்தும் இரண்டு பிரிண்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்தப் படியேறினேன். எனக்கு அவர் வாயால் ஒரே ஒரு சொல் வேண்டியிருந்தது. தப்பு என்னுது. அவ்வளவுதான்.

நாற்காலிகளில் இரண்டு நெசவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதல் தாளின் மேல்பாதியைப் பார்த்தார். கீழே கண் இறங்கவில்லை.

"இது வேற மாலிக்யூலு."

"அதேதான் சார். ஒரு பாதிய கொஞ்சம் திருகிப் போட்டேன், அவ்ளோதான்."

"டைப் அடிக்கத் தெரியாம கோணலா அடிச்சிருக்க. நான் போட்டது பாரு, எவ்ளோ நேரா கீது. சாயத்தப் பத்தி எனக்கே சொல்ல வந்துட்ட."

"ஒரே ஒரு தடவ சொல்லுங்க சார், மிரர் போட்டது தப்புன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பி, "ஸ்காலர்ஷிப்புல வந்த பொண்ணு, பாவம். எவ்ளோ சொன்னாலும் புரியாது" என்றார். அவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுததற்காகவும் அவரைத்தான் வெறுத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த மாணவர்கள், தெரிந்த கல்லூரிகள், ஒன்று விடாமல் சொன்னேன். தட்டை மூலக்கூறு வேண்டுமானால் கொசப்பாளையம் போங்கள் என்று கேலி செய்தேன். ஒன்றிரண்டு வருடத்தில் கல்லூரிகளுக்கே கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன என்பதும் உண்மைதான். எப்படியோ அந்தப் போர்டு இறங்கியது. இறங்கியதைப் பார்த்த அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு கரும்புச் சாறு வாங்கிக் குடித்தேன்.

பிறகொருநாள் வந்தவாசி பஸ்ஸில் அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க அந்த ஸ்டூல்ல உக்காந்துகினு இருப்பீங்களே, அந்தப் பொண்ணுதானே?" என்று கேட்டார். கடைக்காரர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நெஞ்சு வலி. "டாக்டரு சொல்லிகினே இருக்காரும்மா. பாதிலயே எழுந்துட்டாரு. மீதி எனக்குத் தெரியும்ன்ட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. நாலு நாள்தான்." அந்த அம்மா அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடக்கினேன். அதற்கு வெட்கப்பட வேண்டும் என்று தெரியும். வெட்கப்படவில்லை.

அப்புறம் சில வருடம் கழித்து, நான் படித்த அதே கல்லூரிக்கே வைவா எடுக்கும் எக்ஸ்டர்னலாக என்னைக் கூப்பிட்டார்கள். ஆரணி நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. பட்டுச் சாயம்தான் தலைப்பு. அட்டவணையைத் திறந்தேன்.

"நடுவுல கோணம் என்ன?"

"ஸீரோ, மேடம்."

"முழு ஸீரோவா?"

"ஆமாங்க மேடம்."

ரத்தம் தலைக்கு ஏறியது. செத்தும் விடவில்லையா இந்த மனிதர், அவருடைய ஃபைல் இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று தோன்றியது.

"எந்தக் கடையில போட்டு வாங்குனீங்க?"

"இல்லிங்க மேடம், நானேதான் வீட்ல..."

"வேணாம். கடையில வாங்கிட்டு வீட்ல போட்டேன்னு சொன்னவங்க எத்தன பேரைப் பாத்திருக்கேன்."

துறைத்தலைவர், அவளுடைய கைடு எல்லோருக்கும் முன்னால் ஐந்து நிமிடம் பேசித் தீர்த்தேன். நேர்மை, உழைப்பு என்று ஏதேதோ. அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கியபோது எழுந்து வந்து, என் கையில் இருந்த டிசர்டேஷனின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அணு இருக்கிற இடமெல்லாம் இதுலருந்து எடுத்தேன் மேடம். டிபார்ட்மென்ட் பீரோல இருந்திச்சு. உங்களுதுதான்" என்றாள்.

என் பெயர்தான். என் முதல் டிசர்டேஷன். நான்கு பிரதி பைண்ட் செய்திருந்தேன். திருத்தி எழுதிய பிறகு மூன்றைத் திரும்ப வாங்கி மாற்றினேன். நான்காவது துறை பீரோவில் இருந்தது, சாவி வைத்திருந்தவர் அன்றைக்கு லீவு. திங்கட்கிழமை நான் வேலையில் சேர வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று போனவள் போனவள்தான். அது தப்பு என்று அந்தக் கடைக்காரருக்குச் சாகும்வரை தெரியாது. எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். இந்தப் பெண் அந்தத் தட்டை வடிவத்தை நம்பி எடுத்து, அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துத் தானே ஓட்டியிருக்கிறாள். தட்டையாகக் கொடுத்தது தட்டையாகவே வந்திருக்கிறது.

துறைத்தலைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய டேட்டாவ எடுத்தா, சரியான்னு பாத்துட்டு எடுக்கணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஆமாங்க மேடம்," என்றாள் அவளும் எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு என்னுது."

"பரவாயில்லம்மா, போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.